அலுமாரியில் இருந்த வாக்குமூலம்

அந்தக் கடிதம் தொலைந்து போகவில்லை. எங்கள் ஊர் ஒன்றியத்தின் இரும்பு அலுமாரியில், மூன்றாம் தட்டில், நீல நிறக் கோவை ஒன்றுக்குள் பன்னிரண்டு வருடங்கள் பத்திரமாக இருந்தது. 2011 மார்கழியில் வந்த கடிதம். ஒஸ்லோவில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த அறையை 2023-இன் கடைசியில் காலிசெய்தபோது, பழைய ரசீதுப் புத்தகங்களோடும் ஒன்றுகூடல் படங்களோடும் அது வெளியே வந்தது.

கையால் எழுதிய இரண்டு தாள். கூடவே, தட்டச்சுச் செய்த ஐந்து பக்கங்களின் போட்டோப் பிரதி. ஐந்தும் சிங்களம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தமிழில் ஒரு கையொப்பம். பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கொப்பியில் இருப்பதைப் போல உருண்ட எழுத்து. எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன் 2008-இல் கொழும்பில் ஒரு லொட்ஜில் வைத்துப் பிடிக்கப்பட்டான். தடுப்பில் இருந்தபோது அவன் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலம் அது. கடிதம் எழுதியது அவனுடைய தாய்.

அவர் கேட்டது ஒன்றேதான். "பிள்ளை சொன்னதெண்டு இதைத்தான் கோட்டிலை குடுத்திருக்கினம். எங்களுக்கு விளங்கேல்லை. அங்கை சிங்களம் தெரிஞ்ச ஆரும் இருந்தா வாசிச்சு, என்ன எழுதியிருக்கெண்டு சொல்லுங்கோ."

அந்த மாதக் கூட்டக் குறிப்பும் அதே அலுமாரியில்தான் கிடந்தது. பாடசாலை நூற்றாண்டு வளைவுக்கு யார் யார் எவ்வளவு என்பது ஒன்றரைப் பக்கம். கோடைகால ஒன்றுகூடலை வழக்கம்போல சொங்ஸ்வான் ஏரிக்கரையில் வைப்பதா, வேறு இடம் பார்ப்பதா என்பது அரைப் பக்கம். பிறகு ஒரு வரி: "உதவி கோரல் 1. அடுத்த கூட்டத்தில்." அடுத்த கூட்டத்தில் இருபத்தையாயிரம் ரூபாய் அனுப்பத் தீர்மானித்தோம், அனுப்பியும் விட்டோம். அவர் காசு கேட்கவில்லை. வாசித்துச் சொல்லச் சொன்னார். அன்று அந்த மேசையைச் சுற்றியிருந்த பதினொரு பேரில் இரண்டு பேர் கொழும்பில் படித்தவர்கள், சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. மூன்றாவது ஆள் நான். எனக்குச் சிங்களம் தெரியாது. ஆனால் அந்த ஐந்து பக்கமும் எப்படிப்பட்டவை என்பது அந்த அறையில் மற்ற எவரையும்விட எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் என் தொழில் அது.

நான் இந்த நகரத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். வைத்தியசாலை, குழந்தைகள் நலன், நீதிமன்றம், பொலிஸ் விசாரணை. பொலிஸ் விசாரணை அறை எப்படியிருக்கும் என்று பலர் கேட்பதுண்டு. பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று நான்கு கதிரை, ஒரு சின்ன மேசை, ஒரு தண்ணீர்ப் போத்தல், சுவரில் ஒலிவாங்கி. பதிவு தொடங்கியதும் அதிகாரி திகதியையும் நேரத்தையும் சொல்லுவார். பிறகு அறையில் இருக்கிற ஒவ்வொருவரும் தங்கள் குரலில் தாங்கள் யார் என்று சொல்ல வேண்டும். நானும் சொல்லுவேன். பேசாமல் இருக்கும் உரிமை உண்டு, சட்டத்தரணியோடு கதைக்கும் உரிமை உண்டு என்று அதிகாரி நோர்வே மொழியில் சொல்ல, நான் தமிழில் சொல்லுவேன். இடையில் யாராவது மலசலகூடம் போனால்கூட, எத்தனை மணிக்குப் போனார், எத்தனை மணிக்குத் திரும்பினார் என்பது அந்தப் பதிவில் இருக்கும்.

வழக்குகளைப் பற்றி நான் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஒரு சொல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன். "தெரியாமச் செய்துபோட்டன்." எங்கள் ஆட்கள் அந்த அறையில் அடிக்கடி சொல்லும் வார்த்தை இது. 'என்ன செய்கிறேன் என்று அறியாமல் செய்தேன்' என்றும் எடுக்கலாம், 'செய்தது பிழைதான், மன்னியுங்கள்' என்றும் எடுக்கலாம். ஒன்று குற்றமற்றவனின் பேச்சு, மற்றது குற்றத்தை ஏற்றவனின் பேச்சு. ஒரு தடவை நான் அவசரத்தில் இரண்டாவது பொருளைச் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, "மொழிபெயர்ப்பாளர் திருத்துகிறார்" என்று சொல்லி முதலாவதையும் சொன்னேன். அந்தத் தடுமாற்றமும் திருத்தமும் அந்த மனிதன் சொன்ன அசல் தமிழும் பதிவில் இருக்கின்றன. நாளைக்கு நீதிமன்றத்தில் சந்தேகம் வந்தால் இன்னொரு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டு, போட்டுக் கேட்டுவிடலாம். நான் பிழை விட்டாலும் அவனுடைய சொல் அவனிடமே இருக்கும்.

நோர்வே இதைப் பிறக்கும்போதே படித்துக்கொண்டு வரவில்லை. அடிபட்டுத்தான் படித்தது. திரொண்ட்ஹைமில் 1976-இலும் 1977-இலும் நடந்த இரண்டு கொலைகளுக்காக ஃப்ரிட்ஸ் மோன் என்பவர் தண்டிக்கப்பட்டார். காது கேளாதவர், பேச்சும் தெளிவில்லை. விசாரணையில் அவர் ஒப்புக்கொண்டார் என்பது பெரிய சாட்சியமாகியது. பதினெட்டு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார். 2004-இல் ஒரு கொலையிலிருந்து விடுவிக்கப்பட்டார், 2005-இல் இறந்தார், மற்றக் கொலையிலிருந்து 2006-இல் விடுவித்தபோது தீர்ப்பைக் கேட்க அவர் இல்லை. அடுத்த ஆண்டு அரசே அமைத்த குழு, பொலிஸிலிருந்து நீதிமன்றம் வரைக்கும் எங்கெங்கே பிழை நடந்தது என்று விரித்து எழுதி அச்சிட்டது.

இன்னொன்று பிர்கிட்டே தெங்ஸ் வழக்கு. கார்மோய் தீவில் 1995-இல் பதினேழு வயதுப் பிள்ளை கொல்லப்பட்டாள். இரண்டு வருடம் கழித்து அவளுடைய உறவுக்காரப் பெடியனைப் பிடித்து, தனிமையில் அடைத்து, நூறு மணி நேரத்துக்கும் மேலாக விசாரித்தார்கள். 'நடந்திருந்தால் எப்படி நடந்திருக்கும், ஒரு படக்கதை மாதிரி எழுதிப் பார்' என்ற அளவுக்கு அது போனது. அவன் எழுதினான். எழுதியது ஒப்புதலாகியது. 1997-இல் பதினான்கு வருடத் தண்டனை; 1998-இல் மேன்முறையீட்டில் விடுதலை. ஆனால் இழப்பீடு கட்டவேண்டும் என்ற தீர்ப்பு மட்டும் 2022 வரைக்கும் அவன் தலையில் கிடந்தது. அந்த விசாரணையில் ஒருவரும் அவனை அடிக்கவில்லை என்பதை எங்கள் ஆட்கள் கவனிக்க வேண்டும். அடி விழுந்தால்தான் பொய் வாக்குமூலம் வரும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

1998-இன் அந்த விடுதலைக்குப் பிறகுதான் இந்த நாட்டுப் பொலிஸ் தன் விசாரணை முறையைக் கழற்றிப் பூட்டியது. ஒஸ்லோப் பொலிஸில் விசாரணை அதிகாரியாக இருந்த அஸ்பியோர்ன் ரக்லேவ், தன் துறை விட்ட பிழைகளையே ஆய்வுப் பொருளாக்கி 2009-இல் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் எடுத்தார். 2000-களின் தொடக்கத்திலிருந்து 'க்ரியாடிவ்' என்ற பயிற்சி பொலிஸாருக்குக் கொடுக்கப்படுகிறது. ஒப்புதலைப் பிடுங்குவதற்குப் போகாதே, தகவல் எடுக்கப் போ, எல்லாவற்றையும் பதிவில் வை என்பதுதான் அதன் சாரம். 2021-இல் வந்த மெண்டேஸ் கோட்பாடுகளுக்குப் பின்னால் நின்ற நிறுவனங்களில் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் நோர்வே மனித உரிமை மையமும் ஒன்று.

இதில் ஒரு விஷயத்தை நான் பிந்தித்தான் விளங்கிக்கொண்டேன். பதிவில்லாத வாக்குமூலம் எடுபடாது என்று நோர்வேச் சட்டம் கதவைச் சாத்தி வைத்திருக்கவில்லை. எந்தச் சான்றையும் நீதிமன்றம் தானே எடைபோட்டுப் பார்க்கும். இறுக்கம் இருப்பது அந்தச் சின்ன அறையின் பழக்கத்தில். இலங்கையில் தலைகீழ். பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலை எதிரிக்கு, அதாவது குற்றம்சாட்டப்பட்டவருக்கு, எதிராகக் காட்டவே கூடாது என்று 1895-ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு சொல்கிறது. வெள்ளைக்காரனே தன் பொலிஸை நம்பாமல் எழுதிவைத்த பிரிவு. 1979-இல் தற்காலிகம் என்று கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் தன் 16-ஆம் பிரிவால் அதில் ஓட்டை போட்டது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவர் எடுத்தால் வாக்குமூலம் செல்லும். கட்டாயப்படுத்தி எடுத்தார்கள் என்றால் அதை எதிரிதான் நிரூபிக்க வேண்டும். ஒலிப்பதிவு இல்லை, சட்டத்தரணி இல்லை, அறையில் இருந்தவர்கள் எல்லாரும் பொலிஸ். எதை வைத்து நிரூபிப்பது?

நல்லரத்தினம் சிங்கராசா என்ற பெயரை எங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? 1993 ஆடியில் மட்டக்களப்புப் பக்கம் ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்டவர். தமிழ் மட்டும் தெரிந்தவர். கேள்வி கேட்டவர் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர்; இரண்டு மொழிக்கும் நடுவில் நின்றவர் ஒரு பொலிஸ் கான்ஸ்டபிள்; சிங்களத்தில் தட்டச்சான தாளில் வைத்தது அவருடைய கைநாட்டு. அந்தத் தாளை விட்டால் வழக்கில் வேறு ஒன்றுமில்லை. 1995-இல் மேல் நீதிமன்றம் ஐம்பது வருடம் கொடுத்தது, மேன்முறையீட்டில் முப்பத்தைந்தாகக் குறைந்தது. வழக்கு ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனது. நியாயமான விசாரணை நடக்கவில்லை, வெளியார் ஒருவரை மொழிபெயர்ப்பாளராக வைக்கவில்லை, நிரூபிக்கும் பாரத்தை அவர் தலையில் சுமத்தியது பிழை என்று 2004 ஆடியில் குழு சொன்னது. 2006 புரட்டாதியில் இலங்கை உயர் நீதிமன்றம், அந்தக் குழுவுக்கு முறையிட வழிசெய்யும் உடன்பாட்டில் நாடு சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று சொல்லிக் கதவை அடித்துச் சாத்தியது.

2004-இலும் 2006-இலும் நாங்கள் எங்கே நின்றோம்? இங்கேதான், ஒஸ்லோவில். எங்கள் வரலாற்றிலேயே எங்களுக்குச் செல்வாக்கு மிகுந்திருந்த காலம் அது. சமாதானப் பேச்சுக்கு அனுசரணை செய்த நாட்டின் தலைநகரில் வாக்குரிமையோடு இருந்தோம். அந்தப் பேச்சுக்கு நடுவில் நின்ற எரிக் சொல்ஹைம் எங்கள் மண்டபங்களுக்கு வந்து போனால் அருகில் நின்று படம் எடுத்தோம். 2002 மாசி 22-இல் கையெழுத்தான போர்நிறுத்த உடன்படிக்கையின் 2.12-ஆம் பிரிவு, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் இனிக் கைது இல்லை என்றது. அந்த வரியைக் கொண்டாடினோம். ஏற்கெனவே ஒரு தாளின் பேரில் தண்டனை பெற்று உள்ளே கிடக்கிறவர்களைப் பற்றி அந்த வரி ஒன்றும் சொல்லவில்லை என்பதை எங்களில் ஒருவரும் எழுந்து கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. கைதிகளின் பெயர்களைச் சொன்னோம், படங்களைத் தூக்கிப் பிடித்தோம். நடைபாதையில் மெழுகுதிரி ஏற்றினோம். 'இந்த நாட்டுப் பொலிஸ் விசாரணையைப் பதிவு செய்யப் பழகுகிறது, பேச்சு மேசையில் அதையும் ஒரு வரியாக வையுங்கள்' என்று கேட்கவில்லை. அது சின்ன விஷயமாகப் பட்டது. எல்லை, அதிகாரப் பரவலாக்கம், இடைக்கால நிர்வாகம் என்று பெரியவை இருக்கும்போது ஒரு ஒலிப்பதிவுக் கருவியைப் பற்றி யார் பேசுவது?

தமிழ்நாட்டுப் பேரறிவாளனுக்காகவும் நாங்கள் அழுதோம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில், பத்தொன்பது வயதில், 1991-இல் பிடிபட்டவர். தடா என்ற இந்தியப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மத்தியப் புலனாய்வு அதிகாரி தியாகராஜன் எடுத்த வாக்குமூலம்தான் அவர் கழுத்துக்குக் கயிறானது. 1999-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தடாக் குற்றச்சாட்டுகளைத் தள்ளிவிட்டும் அந்த வாக்குமூலங்களைச் சான்றாக வைத்துக்கொண்டது. வாங்கிக் கொடுத்த பற்றரிகள் எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாக அந்த அதிகாரியே 2013-இல் வெளிப்படையாகச் சொன்னார். ஒரு 'தெரியாது' விடுபட்டது. 2022 மே 18-இல் அவர் விடுதலையாகும்போது கிட்டத்தட்ட முப்பத்தொரு வருடம் போய்விட்டிருந்தது. அந்தச் செய்தியை நான் ரி-பான் ரயிலில், ஒரு விசாரணைக்கு மொழிபெயர்க்கப் போகிற வழியில், கைத்தொலைபேசியில் வாசித்தேன். பத்து நிமிடம் கழித்து நான் இருந்த அறையில் சிவப்பு விளக்கு எரிந்தது, பதிவு ஓடியது. அப்போதும் எனக்கு அந்த நீலக் கோவை ஞாபகம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று இப்போது கேட்டுக்கொள்கிறோம். நேரமில்லை என்பது பொய். நூற்றாண்டு வளைவுக்கு நேரம் இருந்தது.

ஒரு காரணம், வாக்குமூலம் கொடுத்தவன் மீது எங்களுக்குள்ளேயே இருந்த ஐமிச்சம். "அவன் சொல்லிப்போட்டானாம்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லுவோம். சொன்னவன் இன்னொருவனைக் காட்டிக்கொடுத்திருப்பான் என்ற எண்ணம். அடிபட்டு, நித்திரையில்லாமல், விளங்காத மொழியில் கையெழுத்து வைத்தவனை நாங்களும் கையெழுத்தை வைத்தே எடைபோட்டோம்.

அடுத்ததைச் சொல்லாமல் இந்தச் சுயவிமர்சனத்தில் பிரயோசனமில்லை. வாக்குமூலம் எடுக்கிற வேலையை எங்கள் பக்கமும் செய்தது. எண்பதுகளில் சந்திகளில் லைட் போஸ்டில் கட்டிச் சுடப்பட்டவர்களின் நெஞ்சில் ஒரு மட்டை தொங்கும். அதில் குற்றம் எழுதியிருக்கும். அதை யார் விசாரித்தது, எங்கே, அவன் என்ன சொன்னான் என்று எங்களில் யார் கேட்டோம்? ஊரே சுற்றி நின்று வாசித்தது. நானும் பத்துப் பன்னிரண்டு வயதில், பள்ளிக்கூடம் போகிற வழியில், சைக்கிளை நிறுத்தி வாசித்தேன். பிறகு துணுக்காயில் புலிகள் வைத்திருந்த தடுப்பு முகாமில் என்ன நடந்தது என்பதைத் தப்பி வந்தவர்கள் சொன்னபோது, துரோகிகளின் கதை என்று காதைப் பொத்திக்கொண்டோம். அந்த மட்டையைக் கேள்வி கேட்காமல் வளர்ந்த நாங்கள், சிங்களத் தாளைக் கேள்வி கேட்கத் தெரியாமல் இருந்ததில் என்ன ஆச்சரியம்? கொழும்பின் சட்டத்தைப் பற்றிப் பேச எங்களுக்கு உரிமை இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த உரிமையை எடுப்பதென்றால் இதையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும், அது எங்களுக்குப் பயமாக இருந்தது.

எங்கள் பிள்ளைகளையும் நாங்கள் பயன்படுத்தவில்லை. ஒஸ்லோவில் சட்டம் படித்த தமிழ்ப் பிள்ளைகள் இன்று கொஞ்சமல்ல. அவர்களை ஆண்டு விழாவில் வரவேற்புரை சொல்லக் கூப்பிட்டோம், மேடையில் பொன்னாடை போட்டோம். ஐந்து பக்கத் தாளைக் கையில் கொடுத்து 'பிள்ளை, இதை ஒருக்கால் பார்' என்று கேட்கவில்லை. 2017-இல் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பென் எமர்சன் இலங்கைக்குப் போய் வந்தார். அந்த ஆண்டு தான் விசாரித்த பயங்கரவாத வழக்குகளில் தொண்ணூறு வீதத்துக்கும் மேலானவற்றில், பலாத்காரத்தாலோ மிரட்டலாலோ எடுத்தது என்பதால் வாக்குமூலத்தைத் தள்ளிவைக்க வேண்டி வந்தது என்று கொழும்பில் மூத்த நீதிபதி ஒருவர் தன்னிடம் சொன்னதாக அவர் பதிந்தார். கேள்வி எழுப்பினால் விழுந்துவிடக்கூடிய தாள்கள்தான் அவை என்று அர்த்தம். கேள்வி எழுப்ப ஒரு சட்டத்தரணியும் வாசித்துச் சொல்ல ஒரு ஆளும் வேண்டும். 2022-இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். 16-ஆம் பிரிவைத் தொடவில்லை.

கோவை வெளியே வந்த அடுத்த சனிக்கிழமை, 2011-இல் அந்த மேசையில் இருந்த அக்கா ஒருவரின் குசினியில் நாங்கள் ஆறு பேர் கூடினோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஐந்து பக்கத்தையும் வரிவரியாகத் தமிழில் சொன்னார், நான் எழுதினேன். கந்தோர்ச் சிங்களம். தோட்டம் செய்த வீட்டுப் பிள்ளை பேசக்கூடிய எந்த வசனத்துக்கும் அது கிட்டவும் வரவில்லை. கடைசி வரியில் அக்கா நின்றுவிட்டார். மேற்கண்டவை எனக்குத் தமிழில் வாசித்து விளங்கப்படுத்தப்பட்டன, சரியென ஏற்றுக் கையொப்பமிடுகிறேன் என்று அதில் இருந்தது. அதுவும் சிங்களத்தில்.

கடிதத்தில் இருந்த தொலைபேசி இலக்கம் வேலை செய்யவில்லை. ஊர்ப் பாடசாலை அதிபர் மூலம் இரண்டு கிழமையில் தாயைக் கண்டுபிடித்தோம். மகளோடு இருக்கிறார், எண்பத்திரண்டு வயது. மகன் 2014-இல் குற்றத்தை ஏற்றுக்கொண்டு, புனர்வாழ்வுக்குப் போய், வெளியே வந்துவிட்டான். அப்படி ஏற்றுக்கொண்டால் கெதியாக வெளியே வரலாம் என்று சொன்னார்களாம். அவன் என்னோடு இரண்டே நிமிடம்தான் கதைத்தான். "இப்ப ஏன் அண்ணை?" என்று கேட்டான். நான் மன்னிப்புக் கேட்டேன். ஒன்றும் சொல்லாமல் தொலைபேசியைத் தாயிடம் கொடுத்தான்.

அவரிடம் நாங்கள் யாரென்று சொன்னேன். கடிதம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "காசு வந்தது தம்பி" என்றார். அந்தத் தாளை இப்போதுதான் வாசித்தோம் என்றேன். வாசிக்கச் சொன்னார்.

முதல் பக்கத்தின் முதல் பந்தியிலேயே பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர் வருகிறது. தகப்பன் பெயரை வாசித்ததும் அவர் மறித்தார்.

"என்ன பேர் சொன்னனீங்கள்?"

திரும்பச் சொன்னேன்.

"அது அவன்ரை அப்பா இல்லை. அது என்ரை தமையன். அவன்ரை மாமா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் எங்கோ ஒரு சேவல் கூவியது கேட்டது. அந்தப் பக்கத்தின் அடியில் அவனுடைய உருண்ட எழுத்துக் கையொப்பம் என் கண்முன்னே இருந்தது.

"மிச்சத்தையும் வாசியுங்கோ" என்றார்.